சிவபுரத்து ஆடவல்லானும் அவன் படியும்

குடந்தைக்கு அணித்தே அமைந்த பாடல் பெற்ற திருப்பதி சிவபுரம். 1951ஆம் ஆண்டில் அவ்வூர் வயலொன்றில் மண்ணுள் புதைந்திருந்த செப்புத் திருமேனிகள் சில வெளிப்பட்டன. அவற்றுள் தலையாயது 10ஆம் நூற்றாண்டைச் சார்ந்த ஆடவல்லான் திருவுரு. அரசினர் அவற்றைத் திருக்கோயிலுக்கே வழங்கினர். பின்னர், 1954ஆம் ஆண்டை ஒட்டி, பழுது நீக்குதற்பொருட்டுக் குடந்தைச் சிற்பியிடம் அத்திருவுரு ஒப்புவிக்கப்பட்டது. அங்கே அதனைப் பார்த்து மற்றொன்று வார்க்கப்பட்டது. கோயிலுக்குத் திரும்பியது புதியது. பழையது வணிகர் கைக்குப் போயிற்று.

படி எடுத்தல் நம் மரபில் குற்றமன்று. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து சிற்பி உருவைச் சமைப்பான். அதன்மேல் வண்டல் மண் பூசிச் சுடுவான். மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பான். ஆறியபின் மண்ணை உடைத்தெறிவான். ஆகவே ஓர் அச்சிலிருந்து ஒரு திருமேனியே பிறக்கும். பின்னப்பட்ட திருமேனிக்கு ஈடாகப் புதியது செய்து, முறைப்படி கண் திறந்து, குடமுழுக்காட்டி எழுந்தருளுவிப்பதையும் ஆகமங்கள் ஏற்கின்றன. ஆனால் அது ஊரறியச் செய்யப்படுவது. சிவபுரத்தில் நிகழ்ந்ததோ ஒருவரும் அறியாது செய்யப்பட்டது.

ஊரார் அதனை எங்ஙனம் கண்டிலர் என்று வியப்பார் உண்டு. வியப்பதற்கு ஒன்றுமில்லை. நாம் திருக்கோயிலில் உலோகத்தையா நோக்குகின்றோம்? பட்டும் மாலையும் சந்தனமும் சூழ, தூக்கிய திருவடியும் குமிழ்நகையுமே நம் கண்ணிற் படுவன. நடராசப் பெருமானுக்குத் திருமஞ்சனம் ஆண்டில் ஆறு முறையே. அப்போதும் பாலும் நீறும் வழிந்த வண்ணமே இருக்கும். காட்சிச்சாலையிலோ பூவில்லை, ஆடையில்லை. வளைவும் தேய்வும் செம்பின் நிறமுமே பார்வைக்குப் பொருள். ஒரே உருவை இருவேறு கண்கள் காண்கின்றன. கள்வர்க்கு அவ்வேறுபாடே துணையாயிற்று.

1965ஆம் ஆண்டில், பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சார்ந்த டக்ளஸ் பாரெட் என்னும் அறிஞர், சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றிய தம் நூலில், சிவபுரக் கோயிலில் உள்ளது அண்மைக்காலப் படியே என்று எழுதினார். பழைய உருவோ பம்பாய், நியூயார்க் எனக் கைமாறி, 1973இல் அமெரிக்கச் செல்வர் நார்டன் சைமனை அடைந்தது. விலை ஏறத்தாழ 10 இலட்சம் டாலர் என்று அந்நாளில் பேசப்பட்டது. இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976இல் உடன்பாடு ஏற்பட்டு, பத்தாண்டுகளுக்குப் பின் 1986இல் பெருமான் நாடு திரும்பினார்.

அங்ஙனமாயின், இடைக்காலத்தில் அப்படியின் முன் கைகூப்பியோர் வழிபாடு வீணாயிற்றா? ஆகாது என்பதே அடியேன் துணிபு. செம்பின் வயதை எண்ணியா இறைவன் அருள்கின்றான்! அச்சிட்ட வண்ணப்படத்தின் முன்னும் நம் தாய்மார் விளக்கேற்றுகின்றனர். 1894இல் தொடங்கிய இரவிவர்மாவின் அச்சகம் முதலாக ஆயிரக்கணக்கிற் பெருகிய அப்படங்களை எவரும் மூலமென்று மயங்கியதில்லை. அவை கோயிலுக்குச் செல்ல இயலாதோர்க்கும் காட்சி தந்தன. ஆனால் சிவபுரத்தார் இழந்தது முன்னோர் வைத்துப் போற்றிய உடைமை. வழிபாடு மெய்யானது என்பதனால் களவு சிறிதாகிவிடாது. இவ்விரண்டையும் குழப்புவோரே, ‘எந்தச் சிலையானால் என்ன’ என்று வாளாவிருப்பர்.

அக்களவை வெளிப்படுத்தவும் ஒருவகைப் படியே உதவுகின்றது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் தமிழ்நாட்டுக் கோயில் தோறும் சென்று எடுத்த நிழற்படங்கள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவை. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானில் களவு போன ஆடவல்லான் திருவுருவை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அத்திருவுருவையும், களவுக்கு முன் கோயிலில் எடுத்த பழைய நிழற்படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டனர். இரண்டும் ஒன்றே என்பது தெளிவாயிற்று. 2014ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் அது இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

அலங்காரம் களைந்த நிலையில் முன்னும் பின்னும் எடுத்த நிழற்படம் ஒவ்வோர் உற்சவமூர்த்திக்கும் திருக்கோயிற் பதிவேட்டில் உளதா என்று, இத்திருவிழா நிறைவுறுமுன் தங்கள் ஊர் அறங்காவலரை அன்பர்கள் கேட்டறிதல் வேண்டும்.