கேட்டறிந்த கோமாளி: சந்திரபாபுவின் கலையில் கொழும்பும் வானொலியும்

வரக்காப்பொலையில் கண்டி வீதியை விட்டு உள்ளே திரும்பினால், தலகுலிக் கடைகளின் எள்ளு வாசம் முடிகிற இடத்தில் இறப்பர் மரங்கள் தொடங்கிவிடும். அந்த மரங்களில் பால் வெட்டிய என் அப்பா, இளமையில் நகைச்சுவை நடிகர் ஜே.பி. சந்திரபாபுவின் படம் ஒன்றைக்கூடப் பார்த்தவரல்லர். படம் பார்க்க டவுனுக்குப் போனால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதிநாள் சம்பளம்தான், விழும். ஆனால் சந்திரபாபு அவருக்கு நெருங்கிய பழக்கம். ஒட்டுப்பால் உரித்துக்கொண்டே தொண்டையை உடைத்து மேலே ஏற்றி இறக்குகிற அந்தக் குரலை எழுப்புவார். அடுத்த நிரையில் நிற்பவர் பதிலுக்கு எழுப்புவார். கங்காணிக்கு இது பிடிக்காது. எத்தனையோ வருடங்கள் கழித்து 'சபாஷ் மீனா'வைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஆளு இம்புட்டு ஒல்லியா?" குரலைக் கேட்டுக் கேட்டு அவர் மனதில் உருவாகியிருந்த ஆள் வேறு.

அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து. சந்திரபாபுவைப் பற்றி எழுதுவோர் வழக்கமாக மூன்று சித்திரங்களுக்குள் நின்றுவிடுகிறார்கள்: மேனாட்டு ஆட்டத்தையும் பாட்டையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர், சென்னைத் தெருப்பேச்சைத் திரைக்கு ஏற்றியவர், சொந்தப் படம் எடுத்துச் சொத்தை இழந்து 46 வயதில் மாண்டவர். மூன்றும் உண்மை. ஆனால் மூன்றும் சென்னையில் தொடங்கிச் சென்னையிலேயே முடிகின்றன. அவருடைய கலையின் வேர் கொழும்பில் இருக்கிறது என்பதும், அந்தக் கலை நிலைத்ததற்குக் கொழும்பு வானொலி ஒரு பெருங்காரணம் என்பதும் என் வாதம்.

1927 ஓகஸ்ட் மாதம் தூத்துக்குடியில் ஒரு கத்தோலிக்கப் பரதவர் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிகஸ் என்ற சந்திரபாபு. பெயரில் உள்ள பனிமயம் அவ்வூர்ப் பனிமய மாதா. மாதாவின் திருநாளும் அதே மாதம் 5ஆம் திகதிதான். ரொட்ரிகஸ் என்பது முத்துக்குளித்துறையில் போர்த்துக்கேயர் விட்டுப்போன பெயர்களுள் ஒன்று. தந்தை விடுதலைப் போராட்டக்காரர், பத்திரிகையாளர். 1929இல் சத்தியாக்கிரகத்தில் கைதாகி விடுதலையானபின் குடும்பம் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. அப்போது பிள்ளைக்கு இரண்டு வயது. மீண்டும் சென்னைக்குப் போனது 1943இல். ஆக, பேச்சு முளைத்து குரல் உடையும் வரை அவர் கேட்டு வளர்ந்த ஊர் கொழும்பு.

இந்தப் பதினான்கு வருடங்களை வாழ்க்கைக் குறிப்புகள் ஒரு வரியில் கடந்துபோகின்றன. முப்பதுகளின் கொழும்பு எப்படிப்பட்ட ஊர்? தூத்துக்குடிப் பரதவர், யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர், மலாயர், பறங்கியர், துறைமுகத்தில் மூட்டை சுமந்த நாட்டுக்கூலிகள், சிங்களவர், சோனகர் என எல்லோரும் ஒரே தெருவில் ஆளுக்கொரு மொழியிலும், ஒரே மொழியை ஆளுக்கொரு விதமாகவும் பேசிய ஊர். கோயிலில் இலத்தீன் பாட்டு, வீட்டில் கிராமபோன், கலியாண வீட்டில் பைலா. சந்திரபாபுவின் பாட்டுக்கு மூலம் பைலாதான் என்று நான் சொல்ல வரவில்லை. அது மலிவான தேசாபிமானம். நான் சொல்வது செவிப் பழக்கத்தைப் பற்றி. இப்படிப்பட்ட தெருவில் வளரும் பிள்ளைக்குத் தன் பேச்சும் பல பேச்சுகளில் ஒன்றுதான் என்பது சின்ன வயதிலேயே தெரிந்துவிடுகிறது. பகிடிக்காரனுக்கு அதைவிடப் பெரிய முதல் வேறில்லை.

அவருக்கு முன்பும் அவர் காலத்திலும் இருந்த நகைச்சுவையாளரோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். என்.எஸ். கிருஷ்ணன் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் உருவானவர். காளி என். ரத்தினமும் தங்கவேலுவும் நாடக மேடையிலிருந்து வந்தவர்களே. பாய்ஸ் கம்பனிகளில் பேச்சுக்கு ஓர் அச்சு இருந்தது. வசனத்தை எங்கே நிறுத்துவது, கைதட்டலுக்கு எவ்வளவு இடம் விடுவது என்பதையெல்லாம் வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்தார். சந்திரபாபு அந்த அச்சில் வார்க்கப்பட்டவரல்லர். பதினாறு வயதில் சென்னைக்குப் போய், அந்நகரத்தின் தமிழை ஒரு வெளியூரான் கற்பதைப்போலக் காதால் கற்றார். 1947இல் 'தன அமராவதி'யில் முகம் காட்டிய பிறகும் வாய்ப்பு எளிதில் வரவில்லை. 1952இல் ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசனைச் சந்திக்க முடியாத விரக்தியில் ஜெமினி ஸ்டூடியோவில் உயிரை மாய்க்க முயன்றார்; வழக்கு நீதிமன்றம்வரை போனது. இந்தச் சம்பவத்தைச் சுற்றி வளர்ந்த கதைகள் அதன் எளிய பொருளை மறைத்துவிட்டன: குருகுலமோ கம்பனியோ ஊர்ச் செல்வாக்கோ இல்லாத ஒருவன் அந்தத் தொழிலின் வாசலில் எவ்வளவு தனியாக நின்றான் என்பதே அந்தப் பொருள்.

'சபாஷ் மீனா' (1958) பி.ஆர். பந்துலுவின் படம், சிவாஜி கணேசன் கதாநாயகன். சந்திரபாபுவுக்கு இரண்டு வேடம்: வசதிக்கார நண்பன் ஒன்று, அச்சாக அவனைப்போலவே இருக்கும் ரிக்‌ஷாக்காரன் மற்றது. அந்த ரிக்‌ஷாக்காரனின் பேச்சைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். சொற்களைவிட வேகமும் மூச்சும் முந்திக்கொண்டு வரும். சொல்லின் வால் விழுங்கப்பட்டு அடுத்த சொல்லின் தலையோடு ஒட்டும். வாக்கியம் முடிகிற இடத்தில் ஒரு இழுவை. பிறந்ததிலிருந்து அப்படிப் பேசுகிறவனுக்கு அந்த இழுவை காதில் விழாது. வெளியிலிருந்து வந்தவனுக்குத்தான் விழும். சென்னைத் தமிழைத் திரையில் நிலைநாட்டியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் கொழும்பில் வளர்ந்தவர் என்பதை விநோதம் என்று சொல்வார்கள். எனக்கு அது இயல்பாகவே படுகிறது.

இனிப் பாட்டு. 1952இல் 'குமாரி'யில் கே.வி. மகாதேவன் இசையில் அவர் பாடியதில் தொடங்கி, 'புதையல்' (1957), 'மரகதம்' (1959), 'அன்னை' (1962), 'ஆண்டவன் கட்டளை' (1964) என ஒரு வரிசை இருக்கிறது. கணக்கில் அதிகமில்லை. ஆனால் அவற்றில் பலவற்றைப் படத்தின் கதை அறியாதவர்களும் அறிவார்கள். 'பெண்' (1954) படத்தில் எஸ். பாலசந்தருக்காகப் பின்னணி பாடினார். சந்திரபாபுவின் உடல் இல்லாமலே சந்திரபாபு அங்கே இருக்கிறார். தமிழ் நகைச்சுவையாளர்களில் குரலை உடலிலிருந்து இப்படிக் கழற்றித் தரக்கூடியவர் மிகச் சிலர். நாகேஷை நினைத்துப் பாருங்கள்: கால் இல்லாத நாகேஷ் பாதி நாகேஷ்தான்.

இப்படிக் கழற்றிய குரலுக்கு ஏற்ற ஒரு கருவியும் அதே காலத்தில் கொழும்பில் தயாராக இருந்தது. போர்க்காலத்தில் தென்கிழக்காசியப் படைகளுக்காக நிறுவிய சக்திமிக்க அலைபரப்பி போர் முடிந்தபின் ரேடியோ சிலோனுக்குக் கிடைத்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியில் ஏறக்குறைய இல்லாமல் செய்தார். 1957இல் விவித் பாரதி வரும்வரை திரைப்பாட்டு கேட்க விரும்பிய இந்தியர் கொழும்பை நோக்கி முள்ளைத் திருப்பினார்கள். இந்தியில் அமீன் சயானியின் பினாகா கீத் மாலா அப்படித்தான் புகழ் பெற்றது. தமிழில் அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனனின் குரலைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் வீட்டு ஆள்போல அறிந்திருந்தன. இந்த 1952–57 இடைவெளியில்தான் சந்திரபாபு பாடகராக எழுந்தார். கொழும்பிலிருந்து போன செவி சென்னையில் பாட்டாகி, அந்தப் பாட்டு கொழும்பிலிருந்து திரும்ப ஒலித்தது.

வானொலியில் எல்லாப் பாட்டும்தானே வந்தது, இவருக்கு மட்டும் என்ன விசேஷம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என்.எஸ்.கே.யின் பாட்டும் இசைத்தட்டில் ஓடியதே. 'நல்லதம்பி'யின் (1949) கிந்தனார் காலட்சேபத்தை மனப்பாடமாகச் சொல்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் என்.எஸ்.கே.யின் பாட்டு கருத்தைச் சுமந்துகொண்டு வருவது. கருத்துப் புரிந்தால் சிரிப்பு. சந்திரபாபுவின் சிரிப்பு பொருளுக்கு முன்பே வந்துவிடுகிறது. தொண்டை உடைகிற இடத்திலேயே, சோகமான வரியைக்கூட ஒரு குதியலோடு இறக்கிவைக்கிற தாளத்திலேயே அது இருக்கிறது. தோட்டத்து லயத்தில் ஒரு காம்பராவில் வானொலி இருந்தால் மற்றக் காம்பராக்காரர்கள் சுவருக்கு அப்பாலிருந்துதான் கேட்பார்கள். சொற்கள் பாதிதான் வந்து சேரும். அப்படிப் பாதி வந்த பாட்டிலும் ஆளை அடையாளம் காட்டிய குரல் அது. திருவிழாவுக்கு மரத்தில் கட்டிய ஸ்பீக்கர் குழாயில் கரகரத்து வந்தபோதும் அப்படியே.

அவருடைய வீழ்ச்சியைப் பற்றிச் சுருக்கமாக. குடி, கோபம், நேரத்துக்கு வராமை, எம்.ஜி.ஆரோடு பிணக்கு என்ற கதைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைத் திரும்பச் சொல்வதில் எனக்கு ஆர்வமில்லை. 'சகோதரி' (1959) இன்னும் நன்றாக விளக்குகிறது. ஏவி.எம். அந்தப் படத்தை எடுத்தபின் அதில் குறை தெரிந்து, சந்திரபாபுவைப் பால்காரனாக வைத்துத் தனியே ஒரு நகைச்சுவைப் பகுதி எடுத்துச் சேர்த்தார்கள், படம் ஓடியது. இதில் ஒரு பொருளாதாரம் இருக்கிறது. நகைச்சுவையாளன் படத்தோடு ஒட்டவும் வெட்டவும் கூடிய ஒரு பண்டம். அவனுக்குக் கொடுத்த விலை எவ்வளவு உயர்ந்தாலும் அது துண்டுக்கான விலைதான். கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' (1960) அவரை முழுப்படத்தின் நாயகனாக்கியது, தோற்றது. எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' முடியவேயில்லை. கார் நேராக மாடிக்கு ஏறும்படி அவர் கட்டிய வீடும் கைவிட்டுப் போனது. எழுதி, இயக்கி, சாவித்திரியோடு நடித்த 'தட்டுங்கள் திறக்கப்படும்' (1966) காப்பாற்றவில்லை. 'அடிமைப்பெண்' (1969) போன்ற படங்களில் மீண்டும் துண்டாக வந்தார். 1974 மார்ச் 8ஆம் திகதி இறந்தார். அவரைக் கெடுத்தது ஆசை என்பார்கள். துண்டாக விற்றவனை முழுதாக வாங்கச் சந்தை தயாராக இல்லை என்பதே என் வாசிப்பு.

இலங்கையில் இந்தக் கதைக்கு ஒரு பின்னொட்டு உண்டு. எழுபதுகளில் இங்கே தமிழ்ப்படங்கள் எடுத்தபோது தோட்டத் தொழிலாளரின் வாழ்வை வைத்து வி.பி. கணேசன் 'புதிய காற்று' (1975) தந்தார். அடுத்த வருடம் வந்த 'கோமாளிகள்' (1976) வானொலியில் கேட்டுச் சிரித்த நாடகத்தின் திரைவடிவம். எஸ். ராமதாஸ் மரிக்காராக, ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக, எஸ். செல்வசேகரன் உபாலியாக, பி.எச். அப்துல் ஹமீத் ஐயராக வந்தார்கள். சோனகத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் வாயில் தமிழ், பிராமணத் தமிழ்: படத்தின் முழுப் பகிடியும் பேச்சு வகைகளின் மோதலில் இருக்கிறது. உருவத்துக்கு முன் குரல் பழக்கமாகியிருந்தது. முப்பதுகளின் கொழும்புத் தெருவை நான் இதில் கேட்கிறேன். மலையகத் தமிழ் மட்டும் அந்த நால்வரில் ஒருவர் வாயிலும் நிரந்தர இடம் பெறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்தத் தமிழைப் பேசிய நாடற்றோரைப் பற்றி 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை தரவும் முடிவுசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பாதிப்பாதியாகப் பிரிக்கும் உடன்பாடு சந்திரபாபு இறந்த அதே 1974இல் வந்தது. அந்தக் கணக்கில் போனவர்களில் என் சித்தப்பா ஒருவர். கூடலூரில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை. அங்கே அவருக்குப் பெயர் 'சிலோன்காரன்'; அவர் 'விளங்குதா' என்றாலே சிரித்திருக்கிறார்கள். ஒருமுறை இங்கே வந்திருந்தபோது அப்பாவிடம் சொன்னார்: போவதற்கு முன் தமிழ்நாட்டுப் பேச்சு தெரியும் என்றுதான் நினைத்திருந்தாராம், சந்திரபாபு பேசுவது அத்தனையும் அவருக்குப் பாடம் அல்லவா. கூடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அதே பாணியில் ஒருவரிடம் வழி கேட்டிருக்கிறார். அந்த மனிதர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மெட்ராஸா நீங்க?" என்று கேட்டாராம்.