பூக்கும் காலத்தை மாற்றிப் பிழைத்த காட்டுச் செடி: கேப் வெர்டே தீவுகளில் ஒரு மரபணு வரலாறு

பழக்கமில்லாத நிலத்தில் விழும் விதை முளைத்துவிடலாம்; ஆனால், அங்கே தலைமுறை தலைமுறையாக நிலைபெறுவது அரிது. அவ்வாறு நிலைபெற்ற ஒரு காட்டுச் செடியின் மரபணுக்களில் நிகழ்ந்த மாற்றங்களை, ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் தாவர ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் தலைமையிலான குழு ஆராய்ந்தது. அதன் முடிவுகள் 2022-ஆம் ஆண்டு 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்', 'சயின்ஸ் அட்வான்சஸ்' ஆகிய இதழ்களில் வெளியாகின.

அந்தச் செடி, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த 'அரபிடாப்சிஸ் தாலியானா'. உணவுக்கோ விற்பனைக்கோ உதவாத களைதான் என்றாலும், மரபணுத் தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்ட முதல் தாவரம் என்ற பெருமை 2000-ஆம் ஆண்டில் இதற்கே கிடைத்தது. தன் மகரந்தத்தாலேயே கருவுறக்கூடியது என்பதால், ஒற்றை விதையும் ஒரு கூட்டத்தை உருவாக்கிவிடும்.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ளவை கேப் வெர்டே எரிமலைத் தீவுகள். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவிலிருந்து இந்தச் செடி அங்கு சென்று சேர்ந்தது. வந்து சேர்ந்தவை மிகச் சிலவே. எனவே, தாய்நிலத்துச் செடிகளிடம் இருந்த மரபணு வேறுபாடுகளில் பெரும்பகுதி வழியிலேயே தொலைந்துபோனது. கையிருப்பு ஏதுமின்றிக் குடியேறியதற்கு ஒப்பானது இது.

இந்தச் செடியின் பல வகைகள் குளிர்காலத்தைக் கடந்த பின்னரே பூக்கும். 'ஃபிரிஜிடா' என்ற மரபணு 'எஃப்எல்சி' என்ற மற்றொரு மரபணுவைத் தூண்ட, அது பூப்பதைத் தடுத்து வைக்கிறது. நீண்ட குளிர் அந்தத் தடையை நீக்குகிறது. கேப் வெர்டேவிலோ மழைக்காலம் மிகக் குறுகியது. காத்திருக்கும் செடி, விதை விடுவதற்கு முன்பே காய்ந்துவிடும். அங்கே புதிதாகத் தோன்றிய திடீர் மாற்றங்கள் செடியைக் காப்பாற்றின. சாண்டோ அண்டாவ் தீவில் ஃபிரிஜிடா செயலிழந்தது; ஃபோகோ தீவில் எஃப்எல்சி செயலிழந்தது. பூட்டு ஒன்றே; அது உடைந்த இடம்தான் வேறு. இரு தீவுகளிலும் செடிகள் விரைவாகப் பூக்கத் தொடங்கின.

ஃபோகோவில் மற்றொரு சிக்கலும் இருந்தது. அந்த எரிமலை மண்ணிலிருந்து, ஒளிச்சேர்க்கைக்கு இன்றியமையாத மாங்கனீசு செடிக்குப் போதிய அளவில் கிடைப்பதில்லை. இதற்கான தீர்வு இரண்டு கட்டங்களாக வந்தது. முதலில், வேர்கள் இரும்பை உறிஞ்ச உதவும் முதன்மை மரபணுவான 'ஐஆர்டி1' செயலிழந்தது. வேறெங்கும் இது செடிக்குப் பெருங்கேடாகவே முடியும். பின்னர், மாங்கனீசைக் கடத்தும் 'என்ராம்ப்1' மரபணு, வெவ்வேறு செடி வரிசைகளில் தனித்தனியே பிரதியெடுக்கப்பட்டுப் பெருகியது. இரண்டும் சேர்ந்து, ஊட்டச்சத்து செல்லும் பாதையையே மாற்றி அமைத்தன.

பருவநிலை மாறிவரும் சூழலில், எண்ணிக்கை குறைந்த தாவர இனங்கள் தப்பிப் பிழைக்குமா என்ற கேள்விக்கு இந்த ஆய்வு ஓரளவு நம்பிக்கை தருகிறது. ஆனால், ஆண்டுதோறும் விதை விட்டு மடியும் சிறு செடியின் கணக்கு இது. முதன்முதலாகப் பூக்கவே பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் மரங்களுக்கு இதே வாய்ப்பு, இதே வேகத்தில் வாய்க்கும் என்று கொள்வதற்கில்லை.