விலாசம்

பென்ஷன் வாங்கிய பிறகு மனைவியின் ஊரான கல்லலுக்கே வந்துவிட்டேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பேரன் பொங்கலுக்கு வந்திருந்தான். திண்ணையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தவன் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டான்.

"ரெண்டு கம்பெனி வேலையும் திறந்து வெச்சிருந்தேன் தாத்தா. ரெண்டுலயும் ஒரே பேர்ல ஃபைல். இவங்களுக்கு எழுத வேண்டியதை அவங்களோடதுல எழுதிட்டேன்."

அதன்பின் ஒவ்வொரு வேலையின் ஜன்னலுக்கும் மேல்பட்டையில் ஒரு நிறம் வைத்தான். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.

இந்தச் சீமைக்கு இது புதிதல்ல. நகரத்தார் வீடுகளில் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். ஆகவே ரங்கூனிலும் பினாங்கிலும் ஒரே தெருவில் பல முத்தையாக்கள், பல சிதம்பரங்கள். அவர்களைப் பிரித்துக் காட்டியது 'விலாசம்'. இங்கே விலாசம் என்றால் முகவரி அல்ல. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த கடையின் பெயர். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். அந்த 'எம்.சிடி.எம்.' விலாசம்தான்.

அக்கரைச் சீமையில் கிட்டங்கி என்று ஒன்று உண்டு. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் பல இருந்தன. நீண்ட கூடம், அதில் வரிசையாகப் பல கடைகள். ஒரு கடைக்கு ஒரு மேசைப்பெட்டி, ஓர் அலமாரி, அவ்வளவுதான். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் ஒருவர் கணக்கு இன்னொருவருடையதில் கலக்கக் கூடாது. அன்றன்று நடந்தது குறிப்பில் ஏறும், அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும், கடைசியில் ஐந்தொகை. மேலாள் பெரும்பாலும் மூன்று வருஷத்துக்குத்தான் போவார். அடுத்து வருகிறவருக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே புரிய வேண்டும்.

இத்தாலியில் பாச்சோலி என்ற துறவி 1494இல் வெனிஸில் அச்சிட்ட நூலிலும் இதே கவலைதான். முதல் கணக்குப் புத்தகங்களுக்குச் சிலுவைக் குறி, அடுத்தவற்றுக்கு ஏ, பி என்று எழுத்துப் போடச் சொல்கிறார். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியிலும் 'ப்ரூயோன்' என்ற கிறுக்கல் நோட்டு வேறு, சுத்தமாக எழுதும் நோட்டு வேறு. மாற்றி எழுதினால் முட்டிமேல் அடி.

அத்தனையும் தெரிந்தும் நான் ஒருமுறை தவறினேன். அலுவலகத்தில் இறந்துபோன இரண்டு ஊழியர்களுக்கு ஒரே பெயர், ஒரே இனிஷியல். ஒரு விதவையின் சான்றிதழை மற்றவர் கட்டில் கோர்த்துவிட்டேன். மூன்று மாதம் அந்த அம்மாளுக்குக் குடும்பப் பென்ஷன் நின்றது. வாரந்தோறும் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் எழுந்து போவார். கண்டுபிடித்த அன்று மன்னிப்புக் கேட்டேன். "கிடைச்சிடுச்சில்ல தம்பி, போதும்" என்றார்.

மறுநாள் முதல் என் ஒவ்வொரு கட்டின் மேலும் தகப்பனார் பெயரையும் ஊரையும் சிவப்புப் பென்சிலால் எழுதினேன். ஓய்வு பெறும் நாள்வரை அதை விடவில்லை.

பேரனிடம் இதைச் சொன்னேன். "நீங்களும் சிவப்புதானா தாத்தா?" என்று சிரித்தான்.