அரசு மருத்துவமனை மருந்துச் செலவு: கணக்குக் கேட்க வழி உண்டு

"மாத்திரை ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்." அரசு மருத்துவமனை வரிசையில் நின்ற பலரும் கேட்டிருக்கக்கூடிய பதில் இது. ஏன் இல்லை என்று யாரிடம் கேட்பது?

தமிழகத்தின் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் மூலம் மொத்தமாக வாங்குகிறது. அவை மாவட்டக் கிடங்குகளுக்கு வந்து சேர்கின்றன. ஒவ்வொரு மருத்துவமனைக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வங்கிக் கணக்குப் போலவே ஒரு பாஸ்புக் உண்டு. ஆண்டுக்கான ஒதுக்கீடு அதில் ரூபாயில் இருக்கும். மருந்து எடுக்க எடுக்க அதன் மதிப்பு கழிக்கப்படும்.

எனவே மாத்திரை இல்லை என்றால், ஒதுக்கிய பணம் தீர்ந்திருக்கலாம். கிடங்கிலேயே இருப்பு இல்லாமல் போயிருக்கலாம். அல்லது இரண்டும் இருந்தும் மருத்துவமனை எடுக்காமல் விட்டிருக்கலாம். மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு வேறு. மருந்து கொடுக்கும் ஊழியரிடம் சண்டை போடுவதில் பயனில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் 4-வது பிரிவுப்படி, ஒவ்வோர் அலுவலகமும் தன் ஒதுக்கீட்டையும் செலவையும் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும். ஜமாஅத் வரவு செலவைப் பலகையில் ஒட்டுகிறோமே, அதுபோல இதையும் மருந்தகத்தின் முன்னால் எழுதி வைத்தால் என்ன?

அதுவரை மனு எழுதுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையோ, 2022-ல் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியோ, அங்குள்ள பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளோருக்குச் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. "ஊழல் நடக்கிறதா?" என்று கேட்காதீர்கள். கடந்த நிதியாண்டின் பாஸ்புக் நகல், குறிப்பிட்ட மருந்து இருப்பு இல்லாத தேதிகள் என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடமும், பிறகு தமிழ்நாடு தகவல் ஆணையத்திடமும் போகலாம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் அரசுப் பணம்தான். 2018 முதல் அது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து செயல்படுகிறது. 2023-ல் வெளியான மத்திய தணிக்கை அறிக்கை, நாடு முழுவதும் சுமார் 7.5 லட்சம் பயனாளிகள் ஒரே செல்போன் எண்ணில் பதிவானதைக் காட்டியது. ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போது உங்கள் பெயரில் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு அனுமதிக்கப்பட்டது என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அட்டையில் சேர்ந்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் ரசீது வாங்கிக்கொண்டு, 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லுங்கள்.