கஞ்சா, வேப் கடைகள்: ஜோகூர் ஊராட்சி மன்றங்களின் அதிகாரம் எதுவரை?

தாய்லாந்தில் கஞ்சாவைக் கடையில் விற்கிறார்கள், கனடாவிலும் விற்கிறார்கள். இங்கே மட்டும் நகராண்மைக் கழகம் ஏன் லைசென்ஸ் கொடுப்பதில்லை என்று இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். பள்ளிக்கு அருகில் வேப் விற்கும் கடையை மன்றம் ஏன் இன்னும் மூடவில்லை என்று பெற்றோர் கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கடை யாருடைய அதிகாரத்தில் இருக்கிறது, அங்கே விற்கும் பொருள் யாருடைய அதிகாரத்தில் இருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

16 மன்றங்கள்

ஜோகூர் மாநிலத்தில் 16 ஊராட்சி மன்றங்கள் உள்ளன. ஜோகூர் பாரு, இஸ்கண்டார் புத்ரி, பாசிர் கூடாங் ஆகியவை மாநகர் மன்றங்கள். குளுவாங், மூவார், பத்து பகாட், சிகாமட், கூலாய் போன்றவை நகராண்மைக் கழகங்கள். மெர்சிங், லாபிஸ், யோங் பெங் போன்ற இடங்களில் மாவட்ட மன்றங்கள் செயல்படுகின்றன.

இவை அனைத்தும் 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. மன்ற உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. ஊராட்சி மன்றத் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. எனவே மன்றத்தின் கொள்கை என்பது பெரும்பாலும் மாநில அரசின் கொள்கைதான்.

கஞ்சா மன்றத்தின் கையில் இல்லை

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அதிகாரங்களைப் பிரித்துக் கொடுக்கிறது. ஊராட்சி என்பது மாநிலப் பட்டியலில் உள்ளது. நச்சுப் பொருளும் அபாயகரப் போதைப் பொருளும் கூட்டரசுப் பட்டியலில் உள்ளன. ஆகவே எந்த ஊராட்சி மன்றமும், அது விரும்பினாலும்கூட, கஞ்சா விற்க உரிமம் தர முடியாது.

1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப் பொருள் சட்டம் கஞ்சாவை எடை பார்த்துத் தண்டிக்கிறது. 20 கிராமுக்கு மேல் 50 கிராமுக்குள் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. 50 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் குறைந்தது 5 ஆண்டு சிறை. 200 கிராமைத் தொட்டால் அது கடத்தல் என்றே சட்டம் அனுமானித்துக் கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் மீது விழுகிறது. கடத்தலுக்கு 39பி பிரிவின் கீழ் மரண தண்டனை, அல்லது பிரம்படியுடன் ஆயுள் சிறை. கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4 முதல் அகற்றப்பட்டது. ஆனால் மரண தண்டனையே போய்விட்டது என்று சிலர் பேசுவது தவறு. எந்தத் தண்டனை என்பதை இப்போது நீதிபதி முடிவு செய்கிறார், அவ்வளவுதான்.

வேப் விற்பனைக்கு உரிமம் இல்லை

வேப் கதை வேறு. ஜோகூர் சுல்தானும் இன்றைய மாமன்னருமான சுல்தான் இப்ராஹிம், 2016 ஜனவரி 1க்குள் மாநிலத்தில் உள்ள வேப் கடைகள் மூடப்பட வேண்டும் என்று 2015 இறுதியில் உத்தரவிட்டார். மாநிலம் இதைச் செயல்படுத்தப் பயன்படுத்திய கருவி ஊராட்சி மன்ற உரிமம். வேப் விற்பனைக்கு மன்றங்கள் உரிமம் கொடுப்பதில்லை.

2024 அக்டோபர் 1இல் நடப்புக்கு வந்த பொதுச் சுகாதாரத்திற்கான புகைபிடிக்கும் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் வேப்பை நாடு முழுவதும் தடை செய்யவில்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்பதையும் இணையத்தில் விற்பதையும் அது தடுக்கிறது. முழுத் தடையை மாநிலங்கள் உரிமத்தின் வழியாகக் கொண்டு வருகின்றன. திரங்கானுவில் 2025 ஆகஸ்ட் 1 முதல் வேப் விற்பனைக்குத் தடை வந்தது. ஜோகூர் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முன்பே தொடங்கிவிட்டது.

தடை இருந்தும் விற்பனை நடக்கிறது. உரிமம் இல்லாத பொருள் என்பதால், வேறு வணிகத்திற்கு எடுத்த உரிமத்தின் மறைவில் கல்லாவுக்குக் கீழே வைத்து விற்கிறார்கள். கைப்பேசி வழியே ஆர்டர் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பவரிடம் மன்றத்தால் பறிக்கக் கடையும் இல்லை, உரிமமும் இல்லை. இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான்.

சிறு வியாபாரிகள் கவனிக்க வேண்டியது

ஊராட்சி மன்றச் சட்டத்தின் 107ஆவது பிரிவைக் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மன்றம் தான் கொடுத்த உரிமத்தைக் காரணம் சொல்லாமல் எந்த நேரத்திலும் ரத்து செய்யலாம். அதற்கு இழப்பீடு கேட்க முடியாது. உரிமத்தைக் கடையில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் மாட்டி வைப்பதும் கட்டாயம்.

மளிகைக் கடை, முடி திருத்தும் நிலையம், கைப்பேசிக் கடை எதுவாக இருந்தாலும் ஓரமாக நாலு வேப் வைத்து விற்றால், ஆபத்து அந்த நாலு வேப்புக்கு மட்டுமல்ல. கடையின் உரிமமே போகலாம், அதை நம்பியிருக்கும் குடும்பத்தின் பிழைப்பும் போகலாம். மன்றத்தின் முடிவு சட்டத்துக்குப் புறம்பானது என்று கருதினால் உயர் நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு கோரலாம். அதற்கு மூன்று மாதம்தான் அவகாசம்.

ஒரு வேப், இரண்டு குற்றங்கள்

காவல் துறை பறிமுதல் செய்த சில வேப் திரவங்களில் செயற்கைக் கஞ்சா கலந்திருப்பது தெரியவந்துள்ளது. வெளியில் பார்த்தால் பழ வாசனை, உள்ளே போதைப் பொருள். அப்போது அது உரிமமில்லாத விற்பனை என்ற நிலையைத் தாண்டி, போதைப் பொருள் வழக்காக மாறிவிடுகிறது. வாங்கிய பையனும் வழக்கில் சிக்குகிறான்.

தினமும் ஜோகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 2018 பிப்ரவரி முதல் வேப்பை வைத்திருப்பதே குற்றம். வேப்பில் கலக்கப்படும் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து 2025 செப்டம்பர் 1இல் அங்கே போதைப் பொருள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் சிங்கப்பூரில் மரண தண்டனை.

மற்ற நாடுகளில் எப்படி?

கஞ்சா கடையை ஊராட்சி மன்றம் கட்டுப்படுத்தும் நாடுகள் உண்டு. கனடா 2018 அக்டோபர் 17இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. தமிழர்கள் அதிகம் வாழும் ஒன்டாரியோ மாநிலத்தில், கடை வேண்டாம் என்று முடிவெடுக்க நகர மன்றங்களுக்கு 2019 ஜனவரி 22 வரை காலக்கெடு கொடுக்கப்பட்டது. மார்க்கம் நகரம் வேண்டாம் என்றது. பள்ளியிலிருந்து 150 மீட்டருக்குள் கடை வைக்கவும் அங்கே தடை உண்டு. முதலில் மத்திய அரசு சட்டத்தை மாற்றியது, பிறகுதான் நகர மன்றத்தின் பேச்சுக்கு இடம் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தாய்லாந்து 2022 ஜூன் 9இல் கஞ்சாவைப் போதைப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. தெருவுக்குத் தெரு கடை வந்த பிறகு, 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூ விற்கக் கூடாது என்று விதி போட்டது. ஹாட்யாயில் வாங்க முடிந்தது என்பது இங்கே யாரையும் காப்பாற்றாது.

எந்தக் கதவைத் தட்டுவது?

கடையில் வேப் விற்பதாகத் தெரிந்தால் அந்த வட்டார ஊராட்சி மன்றத்தின் உரிமப் பிரிவுக்கோ அமலாக்கப் பிரிவுக்கோ எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்யுங்கள். கடை முகவரி, நாள், நேரம், என்ன விற்கிறார்கள் என்பதை எழுதுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் பகுதி மன்ற உறுப்பினரிடம் அந்த எண்ணோடு செல்லலாம். தோட்டப்புறங்களில் வசிப்பவர்கள் தங்கள் தோட்டம் எந்த மன்றத்தின் எல்லையில் இருக்கிறது என்பதை மாவட்ட அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்றால் சுகாதார அமைச்சுக்கும் தெரிவிக்கலாம். கஞ்சா என்றாலோ வேப்பில் போதைப் பொருள் கலந்திருப்பதாகச் சந்தேகம் என்றாலோ மன்றத்துக்குப் போய்க் காலத்தை வீணாக்க வேண்டாம், நேராகக் காவல் துறைதான்.

சொந்தப் பிள்ளையே பழகிவிட்டான் என்றால், காவல் துறை பிடிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தேசியப் போதைப் பொருள் தடுப்பு நிறுவனமான ஏஏடிகேயின் அலுவலகத்துக்குத் தாமாகவே சென்று சிகிச்சைக்குப் பதிய 1983ஆம் ஆண்டு சட்டம் இடம் தருகிறது. பிடிபட்ட பிறகு 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப் பொருள் சட்டத்தின் 15ஆவது பிரிவின் கீழ் 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. அதற்குப் பின் 2 முதல் 3 ஆண்டு வரை கண்காணிப்பும் உண்டு. வெளியில் தெரிந்தால் மானம் போகும் என்று மறைத்து வைக்கும் குடும்பங்களில் பல, முதல் முறையாக ஏஏடிகே பற்றிக் கேள்விப்படுவது நீதிமன்ற வாசலில்தான். அதற்கு முன்பே போனால் பிள்ளையின் பெயரில் வழக்கு இல்லாமல் சிகிச்சை தொடங்கலாம்.