மயிலின் பெயர் சுமந்த கோழி

சிறு வயதில் மூதுரையை மனப்பாடம் செய்தபோது, மயிலைப் பார்த்துத் தானும் ஆடப் புறப்பட்ட வான்கோழியை எண்ணி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அந்தப் பாட்டில் வரும் பறவை எதுவோ. இன்று நாம் வான்கோழி என்று அழைப்பது அமெரிக்கக் கண்டத்துப் பறவை. மெக்ஸிகோவில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அதை வீட்டில் வளர்த்தார்கள். அங்கே போய் இறங்கிய ஸ்பானியர்கள் அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'பாவோ', அதாவது மயில்! பிறகு அசல் மயிலை 'ராஜ மயில்' என்று பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த ஸ்பானியர்களில் ஒருவனான பெத்ரோ தெ அல்வராதோ 1524-ல் படையோடு புகுந்த சின்னஞ்சிறு தேசம் எல் சால்வடார். அங்கே சாதாரண ஜனங்களின் வாயில் இன்றும் அந்தப் பறவை 'சும்பே'தான். கிறிஸ்துமஸும் புத்தாண்டும் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு வான்கோழி விருந்து. எள், பூசணி விதை, காய்ந்த மிளகாய், பிரிஞ்சி இலை, கிராம்பு எல்லாவற்றையும் வறுத்து, தக்காளியோடு அரைத்து, அந்தக் குழம்பில் இறைச்சியைச் சேர்க்கிறார்கள். நீள ரொட்டியைப் பிளந்து, இறைச்சியை உள்ளே வைத்து, குழம்பைத் தாராளமாக ஊற்றி, வெள்ளரியும் முள்ளங்கியும் சேர்த்துத் தின்பதும் உண்டு. அந்த மசாலாவுக்குப் பெயர் 'ரெலாஹோ'. அமளி, குழப்பம் என்று பொருள்.

பொருத்தமான பெயர்தான்! வான்கோழியும் தக்காளியும் மிளகாயும் பூசணியும் அமெரிக்க மண்ணின் சொத்து. கோதுமையும் கிராம்பும் கப்பலேறி வந்தவை. எள்ளோ, நம் பாரத பூமியில் முதலில் பயிரானது.

இந்த மணத்துக்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதை உண்டு. 1932 ஜனவரியில் அந்நாட்டின் மேற்குப் பகுதிக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஜெனரல் மார்ட்டினெஸின் அரசு அவர்களை, முக்கியமாகப் பிபில் என்ற ஆதிகுடிகளை, கொன்று குவித்தது. மாண்டவர் 10,000 முதல் 30,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். எஞ்சியவர்களில் பலர் உயிருக்கு அஞ்சித் தங்கள் உடையை மாற்றிக்கொண்டார்கள். பிள்ளைகளிடம் தாய்மொழியான நாவாத்தைப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அயலான் இறகைச் சூடிக்கொண்டு பிழைத்தார்கள்.

ஆனால், மொழி அடங்கிப்போன வீடுகளிலும் பூசணி விதை வறுபடும் வாசனை அடங்கவில்லை. பெயர் மாறினாலும் ருசி மாறவில்லை.

மூதுரையின் வான்கோழியை நினைத்தால் இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பாவம், யாருக்கு அஞ்சி அது சிறகை விரித்ததோ!