நீர்க்கட்டியும் நிர்வாகியும்: கண்மாய் ஆளுகையும் தொழில்நுட்பக் குழுத் தலைமையும்

மென்பொருள் நிறுவனத் தலைமை பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தலைவரின் குணநலன்களையே பேசுகின்றன. ஒரு குழு சீராக இயங்குவது தலைவரின் குணத்தால் அன்று. முடிவெடுக்கும் உரிமை, அன்றாடப் பொறுப்பு, அதற்குரிய ஊதியம் ஆகிய மூன்றும் பகிரப்பட்டுள்ள விதத்தால்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் கண்மாய்ப் பாசனம் இதற்குச் சான்றாகிறது. இந்த வாதத்தின் எல்லையையும் அதுவே காட்டுகிறது.

வடகிழக்குப் பருவமழையை நம்பிய கரிசல் பூமி இது. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். எனவே கண்மாய்கள் சங்கிலித் தொடராக அமைந்தன. மேல்கண்மாயின் கலுங்கில் வழிவதே கீழ்க்கண்மாய்க்கு வரத்து. எவ்வளவு நிலத்தில் பயிரிடுவது, தண்ணீர் குறைந்தால் எப்படி முறை வைப்பது என்பதை ஊர்க்கூட்டம் முடிவுசெய்தது. மடையைத் திறந்து அடைப்பதும், கடைமடை வரை பாய்ச்சுவதும், மழை இரவில் கரையைக் காப்பதும் நீர்க்கட்டியின் வேலை. கூலி அறுவடைக் களத்தில் நெல்லாகக் கிடைத்தது. விளைச்சல் பொய்த்தால் அவர் பாடும் திண்டாட்டம். தென்மாவட்டங்களில் அவர் பெரும்பாலும் ஆயக்கட்டில் (பாசன நிலப்பரப்பில்) நிலமற்றவர். ஆகவே எந்த வயலின் பக்கமும் சாய அவருக்குக் காரணமில்லை.

தொழில்நுட்பக் குழுவிலும் எதை, எந்த வரிசையில் செய்வது என்பது ஒரு முடிவு. அதை இயக்கிக் காப்பது வேறொரு திறன். பல தொழில்நுட்ப நிர்வாகிகள் இரண்டையும் தம் கையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். முன்னுரிமை வகுப்பவரே நிரலின் ஒவ்வொரு வரியிலும் தலையிட்டால், அனுபவமுள்ள பொறியாளர் ஏவலாளாகிவிடுகிறார். மடை நீர்க்கட்டியிடம் இருந்ததால்தான் ஊர்க்கூட்டத்தின் முடிவு வயலில் நிறைவேறியது.

அமைப்பின் வடிவம் பணியின் மீதும் படியும். ஒரு நிறுவனம் உருவாக்கும் கட்டமைப்பு, அதன் உள்தொடர்புகளின் வார்ப்பாகவே அமையும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968இல் வாதிட்டார். கண்மாய்களிலும் இதைக் காணலாம். 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் ஜமீன் கண்மாய்கள் அரசு வசமாயின. 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள கண்மாய் பொதுப்பணித்துறைக்கு, குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்ற பிரிப்பு, ஒரே சங்கிலியின் கண்ணிகளை இரு அலுவலகங்களின் கோப்புகளில் சேர்த்தது. வரத்துக்கால் ஒருவர் கணக்கில், அது நிரப்பும் கண்மாய் இன்னொருவர் கணக்கில் என்றானால், தூர் வாரியும் பலனில்லை. ஒன்றையொன்று சார்ந்த செயலிகளைத் தனித்தனிக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் நிறுவனங்களிலும் கோளாறு அந்த எல்லைக்கோட்டிலேயே தோன்றுகிறது.

ஆனால் பழைய முறையைப் பொற்காலமாகக் காட்டுவது பிழை. நீர்க்கட்டிகளில் பலர் தலித்துகள். அவர்களை நடுநிலையாளராக்கிய நிலமின்மையே கூட்டத்தில் குரலற்றவர்களாகவும் ஆக்கியது. விதிகளால் பாதிக்கப்படுவோருக்கு அவற்றைத் திருத்துவதில் பங்கு வேண்டும் என்பது பொதுவளங்கள் குறித்த தமது 1990ஆம் ஆண்டு நூலில் எலினோர் ஆஸ்ட்ரம் கண்ட நெறிகளுள் ஒன்று. அந்த அளவுகோலில் கண்மாய் ஆளுகை பாதியே தேறுகிறது.

ஆகவே பொறுப்பைப் பகிர்ந்தளிப்பது மட்டும் போதாது. சேவை முடங்கும் நள்ளிரவில் விழித்திருப்போரின் பட்டியலையும், அடுத்த காலாண்டின் திட்டத்தை வகுப்போரின் பட்டியலையும் ஒரு நிர்வாகி அருகருகே வைத்துப் பார்க்கட்டும். இரண்டிலும் ஒரு பெயர்கூடப் பொதுவாக இல்லையெனில், அவர் பகிர்ந்தளித்தது சுமையை மட்டுமே.